கேட்குது என்று சொல்லிவிட்டேன்

காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் படிப்பதற்காக உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜி மேடம் என்னிடம் கேட்டார். நல்லபடியாக எழுதுங்கள், பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் வரணும் என்றும் சொன்னார். நல்லபடியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நல்லபடியாக நடந்ததை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதில் டாக்டர் பங்கு இருக்கிறது, மேடம் பங்கு இருக்கிறது, என் பெண்டாட்டி பங்கு நிறையவே இருக்கிறது. என் பங்கு என்று இருப்பது ஒரே ஒரு பொய். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பயப்படுகிறவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டால்தான் நல்லது.

என் பெயர் ஏழுமலை. வீடு அரியாங்குப்பத்தில். மீசை முளைத்த வயதில் புதுச்சேரி மில்லுக்குத் தறி ஓட்டப் போனவன், மில்லை மூடியபோது தலை நரைத்திருந்தது. இப்போது டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையின் குடோனில் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். மனைவி செல்வி சாயங்காலத்தில் வாசலில் பஜ்ஜிக் கடை போடுகிறாள். ஒரே மகள் நித்யா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அக்கா ஒருத்தி பிரான்ஸில். அவள் வீட்டுக்காரர் அந்த நாட்டு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கதைக்கு இவ்வளவு பேர் போதும்.

தறி ஷெட்டின் சத்தத்தை அதற்குள் நிற்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கே யாரும் யாரிடமும் கத்த மாட்டோம். கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிராளியின் உதட்டைத்தான் பார்ப்போம். மேஸ்திரி வருகிறார் என்றால் தோளில் இரண்டு விரல். டீ வந்துவிட்டது என்றால் கட்டைவிரல் உதட்டுக்கு. மற்ற எல்லாப் பேச்சும் உதட்டில்தான். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், அவருடைய மாமியார் வீட்டு விவகாரத்தை இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்குமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் எல்லாருக்கும் இது தானாக வந்துவிடும். மில் எனக்குக் கொடுத்த ஒரே படிப்பு அது. அந்தப் படிப்புதான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் போனது குக்கர் விசில். செல்வி தண்ணி பிடிக்கப் போகும்போது மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போவாள். பருப்பு கரிந்து தெருவே நாறும், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் செல்போன் மணி போனது. அப்புறம் நித்யாவின் குரல். அதற்குப் பிறகு செல்வியின் குரல். வேடிக்கை என்னவென்றால் கடையில் ஆம்பிளைகள் பேசினால் ஓரளவு கேட்கும். லாரி வந்தால் கேட்கும், கோயில் மேளம் கேட்கும். வீட்டுக்கு வந்தால் பொம்பளைங்க ரெண்டு பேரும் வாயை மட்டும் அசைப்பார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வரும். "சாப்பாடு இல்லாத மாதிரி இன்னா முணுமுணுப்பு? வாயத் தொறந்து பேசுங்க" என்று கத்துவேன்.

செல்வியின் குரல் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணீரென்று இருக்கும். அவள் வாசலில் நின்று "சூடா இருக்கு, வாங்க" என்றால் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். நான் கத்தக் கத்த அவள் அந்தக் குரலை அழுத்தி அழுத்திக் கீழே இறக்கினாள். ஆம்பிளை மாதிரி தொண்டையிலிருந்து தடிமனாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கேட்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "யாருடி அது, உங்க அண்ணன் வந்துக்கிறாரா?" என்று கேலி பண்ணினாள். செல்வி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். வருஷக்கணக்கில் என்னிடம் அப்படித்தான் பேசினாள். கடைசியில் அதுவும் கேட்காமல் போனது. மில்லில் கற்ற உதட்டுப் படிப்புதான் மிச்சம். எதிரில் நின்றால் பிழைத்துக்கொள்வேன், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் தனி ஆள்.

நித்யாதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். செல்வியும் கூட வந்தாள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு பெரிய கூடம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்குக் காது கேட்காது. அவர்களைத்தான் கதவு இடுக்கிலிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்! யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கூட வந்தவர்கள் விலாவில் இடித்து அனுப்புவார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் பெயர் வந்தும் தெரியாமல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த பேரன் போனில் மூழ்கிவிட்டான். எனக்கு அந்தக் கவலை இல்லை. செல்வியின் முழங்கை எப்போதும் என் விலாவோடு தயாராக இருந்தது.

முதல் பரிசோதனை ஒரு சின்ன அறையில். சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருந்தது. தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். சத்தமே வராதபோதும் அமுக்கினேன் என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு பயம். வெளியே வந்ததும் மேடம் என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை நன்றாக அசைத்துப் பேசினார். சின்ன வயசுதான், நித்யாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நான் இவ்வளவு காலம் வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்.

"ஐயா, பீச்சுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்தா ஒண்ணு பின்னால ஒண்ணா நேர் நேரா தெரு வருதுல்ல? உள்காதும் அந்த மாதிரிதான்" என்றார். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதை நீட்டி விரித்தால் ஒரு ஊர் மாதிரி. ஒவ்வொரு தெருவும் ஒரு சுருதிக்கு. வாசலை ஒட்டின தெருக்களில் கீச்சென்ற சத்தங்கள்: விசில், குருவி, குழந்தைகள் குரல், பேச்சில் வரும் ஸ், ஷ், ச. உள்ளே போகப் போகச் சுருதி இறங்கிக்கொண்டே வரும். கடைசிக் கோடியில் இடி, லாரி, தவில். எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கான தெருவில் மட்டும்தான் ஆள் எழுந்திருப்பான். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. மூளையிலும் அதே தெருக்கள், அதே வரிசையில் இருக்கின்றன. காதில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் மூளையிலும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்.

"எல்லாச் சத்தமும் வாசலைத் தாண்டித்தானே உள்ள போவுது? அதனால ரொம்ப நாள் சத்தத்துல நின்னவங்களுக்கு வாசல் தெருக்காரங்கதான் முதல்ல அடி வாங்குவாங்க" என்றார் மேடம். மில் மட்டும் காரணமாக இருக்காது, உடம்பு வாகும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் செல்வியைப் பார்த்தேன். அவளும் நித்யாவும் முணுமுணுக்கவே இல்லை. அவர்கள் பேசிய தெரு என் காதில் காலியாகிவிட்டிருந்தது. அதற்கு நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன். செல்வி அப்போது முகத்தை எனக்கு நேராகத் திருப்பி, "இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" என்றாள். மனசு சுருங்கிப்போனது.

சாதாரணக் காது மிஷின் இனிமேல் பிரயோஜனப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெல்லிய ஒயர் ஒன்றை அந்த நத்தைக் குழாய்க்குள் செருகிவிடுவார்கள். ஒயர் நெடுக மின்சாரப் புள்ளிகள். வெளியே காதின் பின்னால் மாட்டும் கருவி சத்தத்தைச் சுருதி வாரியாகப் பிரித்து அந்தந்தப் புள்ளிக்கு அனுப்பும். செத்துப்போன தெருக்காரர்களை எழுப்பாமல் நேராக நரம்பையே தட்டும் ஏற்பாடு. பணத்துக்கு என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அக்கா பிரான்ஸிலிருந்து வீடியோவில் வந்து, "வாய மூடிக்கினு போய்ப் படுடா" என்று உதட்டில் தெளிவாகச் சொன்னாள். சொல்தா மாமா பின்னால் நின்று தலையாட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், விழித்தபோது தலையில் முண்டாசு கட்டினது போலக் கட்டு இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் வார்டு சுற்றியது. நாக்கில் ஒரு பக்கம் இரும்பை நக்கினது போல ஒரு ருசி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள், ஆகிவிட்டது. செல்வி ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். நித்யா வேலையிலிருந்து நேராக வந்து, போனில் பெரிய எழுத்தில் தட்டி என் முகத்துக்கு நேராகக் காட்டுவாள். "வலிக்குதா?" "டீ வேணுமா?" "அம்மா உன் வார்டு பேஷன்ட் எல்லாருக்கும் பஜ்ஜி கொண்டு வரேன்னு சொல்லிட்டாங்க, நர்ஸ் திட்டறாங்க." அந்த வார்டில் நான் ராஜா மாதிரி இருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டவர்களிடம்தான் பொய் சொல்லப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காயம் ஆறின பிறகு ஒரு நாள் கருவியை முதன்முதலாக ஆன் பண்ணுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் காதுகுத்துக்குச் செய்வது போல ஏற்பாடு நடந்தது. செல்வி புடவை மாற்றிக்கொண்டு, கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். நித்யா லீவு போட்டாள். அக்கா போனில் வந்து காத்திருந்தாள். மேடம் அறைக்குள் எங்கள் குடும்பம் முழுவதும் ஸ்வீட் டப்பாவோடு நின்றது. முதலில் ஒவ்வொரு புள்ளியாகச் சத்தம் கொடுத்து, இது மெதுவா, அளவா, அதிகமா என்று கேட்டார் மேடம். சில சத்தம் ஊசி குத்தினது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் "அளவா இருக்கு" என்றேன். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு.

பிறகு முழுவதையும் திறந்துவிட்டார். மேடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது பேச்சே இல்லை. தகரத்தின் மேல் எலிகள் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கீச்சுக் கீச்சு. மேடம் உதடு அசையும்போது எலி ஓடியது, நின்றால் எலியும் நின்றது. செல்வி முன்னால் வந்தாள். எனக்காகவே பழகின அந்தத் தடிமனான குரலில் கூப்பிட்டிருப்பாள் என்று அவள் கழுத்து நரம்பைப் பார்த்தே தெரிந்தது. வந்தது எலிதான்.

"என்னாங்க, கேக்குதா?" என்று அவள் உதடு கேட்டது. கண்ணெல்லாம் தண்ணி. நித்யா இரண்டு கையையும் கோத்துத் தாடைக்குக் கீழே வைத்திருந்தாள். போனில் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது," என்றேன். "நல்லா கேக்குது."

செல்வி உடைந்து அழுதாள். மேடம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கேட்டதற்கும் நித்யா கேட்டதற்கும் உதட்டைப் பார்த்து டாண் டாணென்று பதில் சொன்னேன். தறி ஷெட்டில் மேஸ்திரியை ஏமாற்றிய அதே வித்தை. எல்லாரும் ஸ்வீட் சாப்பிட்டோம். நாங்கள் கிளம்பும்போது மேடம் மட்டும், "முதல்ல குரல் எல்லாம் கீச்சுன்னுதான் கேக்கும் ஐயா, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று முந்திக்கொண்டேன். அவர் சொல்ல வந்ததை அன்றைக்குக் காது கொடுத்து... சரி, கண் கொடுத்துக் கேட்டிருந்தால் மிச்சக் கதை நடந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை வளர்ப்பதுதான் எனக்கு வேலை. கருவியை மாட்டியிருப்பேன், சத்தத்தைக் கடைசி வரைக்கும் குறைத்துவிடுவேன். பேசுகிறவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொள்வேன். நேராக நிற்க முடியாத இடத்தில் "சரி சரி, பாத்துக்கலாம்" என்பேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. அடுத்த தடவை வரச்சொன்ன நாளில் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். அதற்கடுத்த தடவையும்தான். அக்கா வீடியோவில் வந்து சிரிக்கும்போதெல்லாம் சோறு இறங்காது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பேன். காலையில் செல்வி, "நைட்டு பூரா மழை, கேட்டுச்சா?" என்று ஆசையாகக் கேட்பாள். "கேக்காம? பேய் மழை" என்பேன்.

ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்து பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். முதுகு எனக்கு. நான் பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். எலி மெலிசாகக் கொஞ்ச நேரம் ஓடியது, அதனால் ஏதோ பேசுகிறாள் என்று தெரிந்தது. மாவு வாங்குவதைப் பற்றியோ எண்ணெயைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எலி நின்றது. என் பதிலுக்குத்தான் நிற்கிறது.

"சரி சரி, பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம் மறுபடி சீவ ஆரம்பித்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எழுந்து போய் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியை இப்போதும் எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது, உதட்டைப் பார்க்கிற வேலை குறைந்தது என்று. இப்படிப்பட்ட ஆள் நான்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். நித்யா ஒரு நாள் உள்ளேயிருந்து விறுவிறுவென்று வந்து என் முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னாப்பா மனுஷன் நீ? அம்மா மார்ல கட்டி இருக்குன்னு உங்கிட்ட சொன்னாங்களாம். பாத்துக்கலாம்னு சொன்னியாமே. எப்பப் பாத்துக்கப் போற?"

அவள் உதட்டில் அந்த வார்த்தைகள் பளிச்சென்று தெரிந்தன. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள். துணி மாற்றும்போது அம்மா அக்குள் பக்கம் அமுக்கிப் பார்ப்பதை நித்யா பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, "அப்பாகிட்ட அப்பவே சொல்லிட்டேன், அவரு பாத்துக்கலாம்னாரு" என்றாளாம் செல்வி. எழுந்து அடுப்படிக்குப் போனேன். செல்வி நிமிர்ந்தாள்.

"எனக்குக் கேக்கல செல்வி" என்றேன்.

"எது?"

"எதுவுமே. அன்னிக்கு மேடம் ரூம்லேர்ந்து எதுவுமே கேக்கல. எலி மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான். உன் வாயப் பாத்துப் பாத்துதான் பதில் சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக, நான் படிக்கிற வேகத்துக்கு மெதுவாகச் சொன்னாள்:

"எதுத்தாப்புல நின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. முன்னல்லாம் உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தணும். இதப் போய் எப்புடிக் கத்துறது? காது வந்துடுச்சேன்னு திரும்பி உக்காந்துக்கினு மெதுவாச் சொன்னேன். மனசுல வச்சிருந்தத மெதுவாச் சொல்லி எவ்ளோ வருஷம் ஆவுது. நீ பாத்துக்கலாம்னதும், சரி, இவருக்கு இது ஒரு விஷயமாப் படலபோலன்னு விட்டுட்டேன்."

அவளுடைய மானத்தைக் காத்துக்கொள்ள என் காதை நம்பியிருக்கிறாள். அந்தக் காதே ஒரு பொய். "செருப்பால அடி செல்வி" என்றேன். "அடிச்சா கட்டி கரைஞ்சுடுமா?" என்றாள். அன்றைக்குப் பஜ்ஜிக் கடை போடவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே ஆஸ்பத்திரி, வேறு கட்டிடம். ஸ்கேன் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆம்பிளைகளை உள்ளே விட மாட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெஞ்சில் எனக்கு ஒரே நினைப்புதான். கெட்ட கட்டியாக இருந்து, அந்த ஒரு மாதத்தில் அது வளர்ந்திருந்தால்? "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமே" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அவள் தாமதம் பண்ணவில்லை. சொல்ல வேண்டியவனிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தாள்.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் மேடத்திடம் போய் உள்ளதை எல்லாம் கொட்டினேன். திட்டவில்லை. எம்பிராய்டரி போடும் வளையம் போல ஒன்றை எடுத்து, அதில் கட்டியிருந்த கறுப்புத் துணியால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். "கேக்கல" என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சொல்ல இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. மறுபடி சொன்னார். "கேக்கல." வளையத்தை இறக்கிவிட்டு, "இப்பத்தான் ஐயா நம்ம வேலை ஆரம்பிக்குது" என்றார்.

அன்று சொல்ல வந்ததை இப்போது முழுசாகச் சொன்னார். அந்த ஒயர் நத்தைக் குழாயின் கடைசிக் கோடி வரைக்கும் போய்ச் சேருவதில்லை. அதனால் உள்தெருவுக்குப் போக வேண்டிய கீழ்ச்சுருதி, கொஞ்சம் வாசல் பக்கமாக இருக்கும் தெருவில் போய் இறங்குகிறது. மூளை அந்தத் தெருக்காரனை இத்தனை வருஷமாகக் கீச்சுக்குரல்காரன் என்றே தெரிந்துவைத்திருக்கிறது. அதனால் எல்லாக் குரலும் கீச்சென்று கேட்கிறது. ஆனால் விடாமல் மாட்டிக்கொண்டு, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், இப்போது இந்த வீட்டில் வேறு ஆள் குடிவந்திருக்கிறான் என்று மூளை மெல்ல மெல்லப் புரிந்துகொள்ளும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மாதக்கணக்கில். "நீங்க சத்தத்தக் குறைச்சு வச்சதுல அந்த நாளெல்லாம் வீணாப்போச்சு. பரவால்ல" என்றார். ஊசி குத்தின புள்ளிகளைக் குறைத்தார், போதாதவற்றை ஏற்றினார்.

வீட்டில் செல்விதான் வாத்தியார். என் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ரிசல்ட் என்ன வருமோ என்று தனக்குள்ளே வேகிற பொம்பளை, என் காதுக்காகத் தங்கம் விலையையும் மீன் விலையையும் சலிக்காமல் படித்தாள். "நீ படுத்துக்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றால், "பாக்கலாம்னு மட்டும் சொல்லாத" என்பாள். முதலில் எலிதான். அப்புறம் எலிக்குள் ஒரு ராகம் தெரிந்தது, எங்கே நிற்கிறாள், எங்கே இழுக்கிறாள் என்று. பத்து வார்த்தையில் ஒன்று, பிறகு மூன்று. "இனிமே குரலத் தடிமனா ஆக்காத, உன் குரல்லயே பேசு" என்றேன். "அது எங்க போச்சுன்னு தேடணும்" என்றாள்.

ரிசல்ட் வாங்கும் நாளில் நித்யா மட்டும் அவளோடு உள்ளே போனாள். நான் பெஞ்சில். கூடத்தில் இருந்த எல்லாப் பெண்களையும் பார்த்தேன். ஒவ்வொருத்தரும் யாரிடமாவது மெதுவாகச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. கதவு திறந்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நித்யாவின் உதடு அசையப்போனது. செல்வி சட்டென்று அவள் வாயைக் கையால் பொத்தினாள். வந்து என் வலது பக்கம், கருவி இருக்கும் பக்கம், உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள்.

ஓடி எதிரில் போய் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. நாக்கு நுனியில் "சரி சரி" தயாராக வந்து நின்றது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன்.

"கேக்கல" என்றேன். "திருப்பிச் சொல்லு."

சொன்னாள். ராகம் மட்டும் வந்தது.

"கேக்கல செல்வி. இன்னொருவாட்டி சொல்லு."

அவள் மூச்சை இழுத்ததுகூட எனக்குத் தெரிந்தது. அந்தக் கூடமே அதிரக் கத்தினாள் என்று நித்யா பிறகு சொன்னாள். பஜ்ஜிக் கடை வாசலில் கத்துகிற அதே குரல், வருஷக்கணக்காக என்னிடம் அவள் எடுக்காத குரல்.

"நீர்க்கட்டிதானாம்! வேற ஒண்ணும் இல்லியாம்!"

கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் என் பக்கம் திரும்பி, நான் அவள் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னேன், சொல்லு."

"நீர்க்கட்டின்ன. வேற ஒண்ணும் இல்லன்ன."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கட்டி நல்ல கட்டியாக இருந்தது அவள் உடம்பு செய்த உபகாரம். அதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது, என் குற்றத்தில் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இப்போது அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலாகிக்கொண்டு வருகிறது. மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் செல்விக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதைச் சொன்னாலும், வெங்காயம் வாங்கி வரச் சொன்னால்கூட, கடைசியில் "இன்னா சொன்னேன்?" என்று கேட்கிறாள். தான் அப்படிக் கேட்பதே அவளுக்குத் தெரியவில்லை. நான் முழுவதையும் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறேன். சரி என்கிற வார்த்தையை மட்டும் எங்கள் வீட்டில் நான் இப்போது சொல்வதில்லை.